இட்லியைத் தின்கிறது, புல்லைத் தொடவில்லை: முயல் பல்லில் கோளாறு பார்க்கும் வழி

"இட்லியத் திங்கு யக்கா, புல்லத்தான் மோந்து பாத்துட்டு வச்சிருது." பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு முயலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வது இதைத்தான். அவர்களுக்கு அது முயலின் பிடிவாதம். எனக்கு அது பல். மெல்லாமல் விழுங்கக்கூடியதைத் தின்றுவிட்டு, மென்று தின்ன வேண்டியதை விட்டுவைக்கிற முயலுக்கு வாய் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் பார்க்கத் தொடங்குவேன்.

மாடியில் பதினோரு வருடமாக முயல் வளர்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எதை முதலில் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பது பிடிபட்டிருக்கிறது. உங்கள் முயலிடம் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் அதற்கு முன் அடுத்து வரும் பகுதியைப் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

கடைசியாக எப்போது தின்றது, கடைசியாக எப்போது புழுக்கை போட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். 12 மணி நேரமாகத் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், டாக்டரிடம் கிளம்புங்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் உயிருக்கே ஆபத்து. வயிறு மேளம் போல விறைத்திருந்தாலோ, காது சில்லிட்டுப் போய் ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தாலோ 12 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

புழுக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, நசுக்கினால் புல் தூளாக உதிர வேண்டும். மிளகு அளவுக்குச் சிறுத்துவிட்டால் தீனி குறைந்துவிட்டது என்று அர்த்தம், தட்டு காலியாக இருந்தாலும் சரி.

அடுத்தது எடை. சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து, அதில் முயலை உட்கார வைத்துப் பாருங்கள். 2 கிலோ முயல் ஒரு வாரத்தில் 100 கிராம் இறங்கினால் அது சும்மா இல்லை. ரோமம் மறைப்பதால் கண்ணுக்கு மெலிவு தெரியாது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும்போது நாள் கடந்திருக்கும்.

முன்பல் நீண்டு, உதட்டுக்கு வெளியே தெரிகிறது

தரையில் உட்கார்ந்து, துண்டில் சுற்றி முயலை மடியில் வையுங்கள். மல்லாக்கப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அசையாமல் கிடப்பது நிம்மதியால் அல்ல, பயத்தால். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மேலுதட்டை இரு பக்கமும் விலக்குங்கள். மேல் முன்பல் இரண்டும் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் இறங்கி, முனை உளிபோலச் சீவியிருந்தால் நல்ல பல். மேல் பல் ஒவ்வொன்றிலும் நடுவில் நெடுக்காக ஒரு கோடு ஓடும். அதைப் பார்த்துப் பல் பிளந்துவிட்டது என்று பதறி வருகிறார்கள். அது இயற்கையாக உள்ள கோடு. குறுக்காக வரிவரியாகப் பள்ளம் தெரிந்தால்தான் வேரில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முயலுக்கு மொத்தம் 28 பல். முன்னால் 6, அதாவது மேலே பெரிய பல் இரண்டு, அவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும் குச்சிப்பல் இரண்டு, கீழே இரண்டு. மீதி 22-ம் கடைவாயில். எல்லாமே சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஏறும். எதிர்ப்பல்லோடு உரசினால்தான் தேயும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கீழே வருவது எல்லாம் புரியும்.

ஒரு பல் மட்டும் நீளம், எதிரே இருக்கும் பல் உடைந்திருக்கிறது என்றால்: விழுந்தோ கம்பியில் மாட்டியோ உடைந்திருக்கும். உடைந்த முனையில் இளஞ்சிவப்புப் புள்ளியோ ரத்தமோ தெரிந்தால் பல்லின் உயிர்ப்பகுதி திறந்துவிட்டது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இல்லையென்றால் மூன்று வாரத்தில் பெரும்பாலும் வளர்ந்து சேர்ந்துவிடும். அதுவரை வாரம் இருமுறை பாருங்கள். எதிர்ப்பல் கோணிக்கொண்டு போனால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

முயல் ராத்திரி கம்பியைக் கடித்து இழுக்கிறது என்றால்: அந்த இழுவையில் பல் மெல்ல மெல்ல இடம் மாறும். கூண்டை விட்டு வெளியே ஓடவிடும் நேரத்தைக் கூட்டுங்கள். கடிக்கும் பக்கத்தில் அட்டையையோ பலகையையோ கட்டுங்கள். நம் ஊரில் இதற்கு நல்ல பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, சாயம் போடாத பனையோலைக் கொட்டான், அதாவது சின்ன ஓலைப்பெட்டி. ஒன்றைப் போட்டால் இரண்டு நாளில் பிய்த்து எறிந்துவிடும், கம்பியை மறந்துவிடும். கொய்யாக் குச்சியும் கொடுக்கலாம். அரளிக் குச்சி மட்டும் வீட்டுப் பக்கமே வரக்கூடாது, அது விஷம்.

குட்டி முயல், கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் நிற்கிறது என்றால்: பிறவித் தாடைக் கோணல். முகம் சப்பையான குள்ள இனங்களிலும் காது தொங்கும் இனங்களிலும் அதிகம். பிறந்து 8 முதல் 10 வாரத்தில் வெளியே தெரியும். கூடையில் வைத்து விற்கும் குட்டிகள் அதற்கும் சிறியவை என்பதால் வாங்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. இது சரியாகாது. 3 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் பல்லை ராவிவிட (உரசித் தேய்த்துக் குறைக்க) வேண்டும், அல்லது முன்பல் ஆறையும் எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் எப்படித் தின்னும் என்று கேட்பார்கள். உதட்டாலேயே புல்லை உள்ளே இழுத்துக் கடைவாயில் மெல்லும். கேரட், கீரைத்தண்டு மட்டும் நறுக்கிக் கொடுக்க வேண்டும். வருடம் முழுக்க ராவ அலைவதைவிட இது முயலுக்கு நிம்மதி என்பது என் எண்ணம். இந்த முயலை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

நான்கு வயது முயல், இத்தனை நாள் நன்றாக இருந்த பல் இப்போது நீள்கிறது என்றால்: கோளாறு முன்பல்லில் இல்லை. கடைவாய்ப்பல் உயர்ந்து வாயை முழுக்க மூடவிடாமல் தள்ளுகிறது, அதனால் முன்பல் சேரவில்லை. முன்பல்லை மட்டும் ராவிவிட்டு அனுப்பினால் அடுத்த மாதமே திரும்பி வருவீர்கள். கடைவாயைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி நகவெட்டி விஷயம். "ஒரு நொடி வேலைதானே, நறுக்கிவிட்டால் போச்சு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் நான் கேட்டேன். டக்கென்று சத்தம் வந்தது. பல் குறுக்கே வெட்டுப்படாமல் நெடுக்கே ஈறு வரை கோடு விட்டுப் பிளந்தது. முதல் வாரம் எதுவும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து வேரில் சீழ் கட்டியது. அந்த முயல் பிழைக்கவில்லை. அதன் பிறகு என் வீட்டில் யாரும் முயல் பல்லுக்கு நகவெட்டி எடுத்ததில்லை. பல்லை ராவுவதற்கு, பல் டாக்டர்கள் வைத்திருப்பது போல வேகமாகச் சுற்றும் கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் வெட்டுக் கருவியை எடுத்தால் முயலை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

புல்லை விட்டுவிட்டு மெத்தென்றதை மட்டும் தின்கிறது, அல்லது வாயில் எடுத்துக் கீழே போடுகிறது

முதலில் புல்லைச் சந்தேகப்படுங்கள், அது காசில்லாத வேலை. ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தாலோ, உதறினால் தூசி கிளம்பினாலோ முயல் தொடாது, தொடவும் கூடாது. வரப்பில் அறுத்த புல் என்றால் அந்த வயலில் மருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். பிசான நெற்பயிருக்கு மருந்தடிக்கும் நாட்களில் நான் வரப்புப் புல்லை எடுப்பதே இல்லை. சுத்தமான இடத்தில் பறித்த அறுகம்புல்லைக் கழுவி, தண்ணீரை உதறிவிட்டு நீட்டுங்கள். அதை ஆவலாகத் தின்றால் பழைய புல்தான் கோளாறு.

அடுத்து, வயிறு வேறெதனாலோ நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இட்லி, பிஸ்கட், சோறு, பொரி என்று வீட்டில் ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆச்சி கொடுப்பது பேரனுக்குத் தெரியாது. அவற்றை இன்றோடு நிறுத்துங்கள். கடையில் விற்கும் பெல்லட் என்ற குச்சித் தீவனத்தை 1 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் வைக்காதீர்கள். புல் மட்டும் எப்போதும் முன்னால் இருக்கட்டும். நான்கு ஐந்து மணி நேரத்தில் புல்லைத் தின்னத் தொடங்கினால் அது ருசி கெட்ட முயல், பல் கெட்ட முயல் இல்லை. ஆனால் இப்படியே விட்டால் பல்லும் கெடும். மெல்ல வேலையில்லாத கடைவாய்ப்பல் தேயாது.

வெயிலையும் பாருங்கள். சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயிலுக்குப் பகலில் எந்த முயலும் சரியாகத் தின்னாது. சாயந்தரம் இறங்கியதும் தின்கிறதா? அப்படியென்றால் கூண்டை நிழலுக்கு மாற்றுங்கள், ஈரச் சாக்கைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ராத்திரியும் தின்னவில்லை என்றால் வெயிலின் மேல் பழி போடாதீர்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் ஒரு சோதனை. நீளமான ஒரு புல் தண்டைக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து தாடையைப் பாருங்கள். நல்ல முயல் தாடையைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்து, தண்டு முழுதும் சீராக உள்ளே போகும். வலி உள்ள முயல் ஆவலாக ஓடி வரும், வாயில் எடுக்கும், இரண்டு மெல்லு மெல்லும், தலையை ஒரு வெட்டு வெட்டும், தண்டைக் கீழே போடும். கீழே கிடக்கும் தண்டில் பல் பட்ட இடம் நசுங்கி ஈரமாக இருக்கும், அறுபட்டிருக்காது. பசி இருக்கிறது, வாய் ஒத்துழைக்கவில்லை. இதைப் பார்த்துவிட்டால் வீட்டு வேலை முடிந்தது.

கடைவாய்ப்பல்லின் ஓரம் முள் மாதிரிக் கூர்ந்திருக்கும். கீழ்ப்பல்லின் முள் நாக்கைக் குத்தும், மேல்பல்லின் முள் கன்னத்தைக் கிழிக்கும். வாய்க்குள் விரலை விட்டுத் தேடாதீர்கள், தெரியாது, கடியும் வாங்குவீர்கள். டாக்டர் காது பார்க்கும் விளக்குக் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். அப்படிப் பார்த்தும் சில முட்கள் தப்பிவிடும், மயக்கம் கொடுத்த பிறகுதான் முழுதாகத் தெரியும். சரி செய்வதும் மயக்கத்தில்தான்.

எங்கள் பக்கம் இந்தக் கோளாறோடு முயல்கள் அதிகம் வருவது தை, மாசியில். ஐப்பசி கார்த்திகை மழையில் புல் காயாது, ஈரப்புல்லை அறுத்துவரவும் சோம்பல் வரும், பெல்லட்டையும் கேரட்டையும் வைத்து இரண்டு மாதத்தை ஓட்டிவிடுவார்கள். அதன் விளைவு மழை விட்ட பிறகு தெரிகிறது. நான் புரட்டாசிக்கு முன்பே அறுகம்புல்லையும் கொழுக்கட்டைப் புல்லையும் நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கிவிடுவேன். ஒரு முயலுக்கு ஒரு நாளைக்கு அதன் உடம்பளவு புல் என்பது என் கணக்கு. "ஊரெல்லாம் வைக்கோல் கிடக்கே, அதைப் போட்டா என்ன?" என்று கேட்பவர்களுக்கு: படுக்கைக்குப் போடுங்கள். தீனிக்கு அதில் சத்தில்லை, புல் கிடைக்காத நாளில் ஒரு கை சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

தாடையும் கழுத்தடியும் ஈரமாக இருக்கிறது

தண்ணீர்க் கிண்ணம் ஆழமாக இருந்து தாடை முங்கியிருக்கலாம். துண்டால் துடைத்துக் காயவைத்து, ஒரு மணி நேரம் பக்கத்திலிருந்து பாருங்கள். தண்ணீர் குடிக்காமலே திரும்ப நனைந்தால் எச்சில் ஒழுகுகிறது. முன்னங்கால் உட்புற ரோமமும் சடைபிடித்துக் கிடக்கும், வாயை அதில் துடைத்துத் துடைத்து. எச்சில் ஒழுகினால் கடைவாயில் புண் இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டு நாளுக்குள் காட்டுங்கள். கூடவே பல்லை நறநறவென்று சத்தமாகக் கடித்தால் அது கடுமையான வலி, அன்றே காட்டுங்கள். தடவிக்கொடுக்கும்போது மெல்லிசாகப் பல்லை உரசுவது வேறு, அது சந்தோஷத்தில்.

வெயில் நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, மூக்கும் வாயும் நனைந்திருந்தால் பல்லை மறந்துவிடுங்கள். அது வெப்பத் தாக்கு. காதை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறது

மூத்திர நெடியா, புல் தூசியா என்று முதலில் பாருங்கள். அவை என்றால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் கலங்கும். கூண்டைக் கழுவி, படுக்கையை மாற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து இரண்டு நாள் பாருங்கள். வைக்கோல் முனை குத்தியிருந்தால் கண்ணைத் திறக்காது, அதற்குக் காத்திருக்காதீர்கள்.

சுத்தம் செய்தும் ஒரே கண் வடிந்துகொண்டிருந்தால் மேல்பல்லின் வேர்தான் காரணமாக இருக்கும். கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் கண்ணீர்க் குழாய் அந்த வேரை ஒட்டியே போகிறது. வேர் பின்னோக்கி நீண்டால் குழாயை அடைத்துவிடும். வெளியே பல் அழகாகவே இருக்கும், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விழி முன்னால் பிதுங்கினால் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம், அன்றே கிளம்புங்கள்.

கீழ்த்தாடையில் முண்டு தட்டுப்படுகிறது

தாடை எலும்பின் கீழ் விளிம்பில் இரு பக்கமும் விரலை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். சின்னச் சின்ன மேடாக வரிசையாகத் தட்டுப்பட்டால் வேர் கீழே நீள்கிறது. ஒரே பக்கம் கெட்டியாக வீங்கியிருந்தால் சீழ்க்கட்டி. இதற்கு வீட்டுப் பரிசோதனை எதுவும் இல்லை. முயலின் சீழ் தண்ணீராக ஓடாது, பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும். கீறிவிட்டால் வடிந்துவிடும் என்று யாரையும் கீறவிடாதீர்கள். எக்ஸ்ரே, அறுவை, பல் பிடுங்குதல், பல வார மருந்து என்று போகும். இருப்பதிலேயே செலவும் வலியும் கூடுதலான கட்டம் இது.

பின்பக்கம் புழுக்கை அப்பிக்கொண்டிருக்கிறது

ராத்திரி போடும் மெத்தென்ற, திராட்சைக் கொத்து போன்ற புழுக்கையை முயல் நேராக வாயால் எடுத்துத் தின்றுவிடும். அது தின்னாமல் ஒட்டிக் கிடந்தால் மூன்றில் ஒன்று. பெல்லட்டும் மாவுப் பண்டமும் அதிகம், உடம்பு பெருத்துக் குனிய முடியவில்லை, அல்லது வாய் வலி. தீனியைத் திருத்தியும் ஒரு வாரத்தில் மாறாவிட்டால் பல்லைக் காட்டுங்கள். மழைக்காலத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும், அதனால் தினமும் துடைத்துக் காயவைப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ராத்திரி பத்து மணி, எதையுமே தின்னவில்லை, காலையில்தான் டாக்டர்

வயிற்றைத் தொடுங்கள். விறைப்பாக இருந்தால் எதையும் ஊட்டக் கூடாது, ராத்திரியானாலும் டாக்டரைத் தேடிப் போக வேண்டும். மெத்தென்று இருந்தால் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து மிக்ஸியில் அடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி இருக்கிறது, பக்கவாட்டில் அதன் வழியே ஒவ்வொரு மில்லியாக விடுங்கள். ஒவ்வொன்றையும் மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. 1 கிலோ முயலுக்கு ஒரு தடவை 10 மில்லி, ஒரு நாளைக்கு ஐந்து தடவை. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். பால், கஞ்சி, குழந்தைகளுக்கான சத்துமாவு எதுவும் வேண்டாம். காது சில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலைவரை காத்திருக்காமல் டாக்டரைத் தேடிக் கிளம்புங்கள்.

வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின் இவை வாய்வழியே போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, முயலையே கொன்றுவிடும். நாய்க்கும் மனிதருக்கும் கொடுக்கிற மருந்துதானே என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

டாக்டரிடம் போகும்போது

மாடு ஆடு பார்ப்பதே நம் பக்கத்து டாக்டர்களின் அன்றாட வேலை. அதனால் போகும் முன் போன் செய்து, முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பல் ராவுவார்களா, எக்ஸ்ரே உண்டா என்று கேட்டுவிடுங்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். காற்றோட்டமுள்ள கூடையில், வீட்டில் தின்னும் புல் ஒரு கை, அன்றைய புழுக்கை ஒரு பொட்டலம், எடை எழுதிய தாள்.

மயக்கத்துக்கு முன் பட்டினி போடச் சொன்னால் பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, நாய் பூனை மாதிரி பட்டினி போட வேண்டியதில்லை, போட்டால் குடல்தான் நிற்கும். வலி மருந்து எத்தனை நாளைக்கு என்றும் கேட்டு வாங்குங்கள்.

ராவிக்கொண்டு வந்த பிறகு

அன்று சாயந்தரத்துக்குள் எதையாவது கொறிக்க வேண்டும், மறுநாள் காலைக்குள் புழுக்கை விழ வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அதுவரை மேலே சொன்ன சிரிஞ்சு ஊட்டலைத் தொடருங்கள். முதல் இரண்டு நாள் இளம் அறுகம்புல், கொத்தமல்லித்தழை. மூன்றாம் நாள் காய்ந்த புல்லைக் கொண்டுவாருங்கள். பல் குறைந்தது ராவியதால், இனிமேல் தேய்வது புல்லால் மட்டும்தான்.

நாள்காட்டியில் ராவிய தேதியை வட்டமிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எடையை அந்தக் கட்டத்திலேயே எழுதுங்கள். எடை இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால், முயல் புல் தின்றுகொண்டிருந்தாலும், அடுத்த முறைக்குக் குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் வாயைக் காட்டிவிடுங்கள்.